ரத்தம் குடித்தவர் யார்?



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு ரத்தக் காட்டேரியைப் பொருளாக எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னபோது இளைய தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். பஞ்சமி நிலம் மீட்கப்படாமல் கிடக்கிறது, ஆணவக் கொலை நடக்கிறது, மலக்குழியில் ஆட்கள் சாகிறார்கள், நீங்கள் பேய்க்கதை பேசப் போகிறீர்களா என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் மேடைகளில் 'ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள்' என்ற பேச்சு ஒலிக்காத நாளில்லை. கந்துவட்டிக்காரனைச் சொல்கிறோம், ஒப்பந்தக்காரனைச் சொல்கிறோம், பண்ணையாரைச் சொல்கிறோம். அதே சமயம், நம் சேரிகளின் எல்லையில் கல்லாக நிற்கும் ஒரு தெய்வத்தின் பெயரைத்தான் தமிழ் வாசக உலகம் ஐரோப்பாவின் ரத்தம் குடிக்கும் பிரபுவுக்கும் வைத்திருக்கிறது. மேலே இருக்கிறவனுக்கும் கீழே இருக்கிறவளுக்கும் ஒரே பெயர் என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும். அதைத் தேடிக்கொண்டு முந்நூறு ஆண்டுகள் பின்னால், டேன்யூப் ஆற்றங்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது.

1718இல் ஏற்பட்ட ஓர் உடன்படிக்கையால் செர்பியாவின் வடபகுதி துருக்கியரிடமிருந்து ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு மாறியது. புதிய ஆட்சி, புதிய அலுவலர்கள், புதிய கோப்புகள். ஊர் மக்களுக்கு இடையே வாய்வழக்காகக் கிடந்த பேய் நம்பிக்கை அரசாங்கக் காகிதத்தில் ஏறியது இந்தச் சூழலில்தான். 1725இல் கிசிலியெவோ என்ற கிராமத்தில் பேட்டர் பிளாகோயெவிச் என்ற குடியானவர் இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. எட்டு நாளில் ஒன்பது பேர் அடுத்தடுத்துச் செத்தார்கள். இரவில் பேட்டர் வந்து மேலே ஏறி அழுத்தினான் என்று சாகும் முன் அவர்கள் சொன்னதாக ஊர் சொன்னது. அவருடைய மனைவியோ, புருஷன் வந்து தன் செருப்பைக் கேட்டான் என்று சொல்லிவிட்டு ஊரையே விட்டுப் போய்விட்டாள். பிணத்தைத் தோண்ட வேண்டும் என்று மக்கள் கேட்டபோது, ஃப்ரோம்பால்ட் என்ற அலுவலர் மேலிடத்து அனுமதி வரட்டும் என்றார். அதுவரை காத்திருந்தால் ஊரே அழியும், நாங்கள் வெளியேறிவிடுவோம் என்றார்கள் அவர்கள். தோண்டினார்கள். மார்பில் கழியை இறக்கினார்கள், எரித்தார்கள். ஃப்ரோம்பால்டின் அறிக்கை வியன்னா பத்திரிகையில் அச்சானது. அதன் முடிவில் அவர் கேட்டுக்கொண்டது இதுதான்: இதில் தவறு ஏதும் நடந்திருந்தால் அதைத் தன்மேல் போடாமல், பயத்தில் நிலைதடுமாறிய கும்பல்மேல் போட வேண்டும். அதிகாரி எழுதும் அறிக்கையின் கடைசி வரி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன?

இதைவிட முக்கியமானது மெட்வெஜா கிராமத்து விவகாரம். 1731 குளிர்காலத்தில் அங்கே சாவுகள் தொடர்ந்தன. முதலில் வந்த கிளாசர் என்ற மருத்துவர் தொற்றுநோய்க்கான அறிகுறி எதையும் காணவில்லை. மக்களின் சத்துக்குறைவையும் கடுமையான விரதங்களையும்தான் காரணமாகச் சொன்னார். ஊர் கேட்கவில்லை. அடுத்து ஃப்ளூகிங்கர் என்ற ராணுவ அறுவை மருத்துவரின் தலைமையில் ஒரு குழு வந்து கல்லறைகளைத் திறந்தது. 1732 ஜனவரியில் அவர் கொடுத்த அறிக்கைதான் ஐரோப்பா முழுவதும் பரவி, 'வாம்பயர்' என்ற சொல்லைப் பல மொழிகளுக்குக் கொண்டுபோனது. பசி என்று சொன்ன முதல் மருத்துவரின் அறிக்கையைப் பெரிதாக யாரும் பேசவில்லை.

ஃப்ளூகிங்கரின் அறிக்கையில் ஒவ்வொரு பிணமாக விவரம் இருக்கிறது. பிரசவத்தின்போது இறந்த இருபது வயது ஸ்டானா. அறுபது வயது மிலிசா. இந்த மிலிசா வாழ்ந்த காலம் முழுக்க எலும்பும் தோலுமாக இருந்தவள், இப்போது சவப்பெட்டியில் கொழுத்துக் கிடக்கிறாளே என்று ஊரார் வியந்தார்கள். பிணம் அழுகும்போது வாயு சேர்ந்து உடல் உப்பும். அந்த அழுத்தத்தில் நுரையீரலில் உள்ள திரவம் வாய்வழியே கசியும். மேல்தோல் கழன்று அடியில் சிவந்த தோல் தெரியும். பால் பார்பர் 1988இல் எழுதிய நூலில் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். அன்றைய ஊராருக்கு அது தெரியாது. அவர்கள் பார்த்தது ஒன்றே: உயிரோடு இருந்தவரை ஒட்டிய வயிறோடு திரிந்தவள் செத்த பிறகு கொழுத்திருக்கிறாள், அப்படியானால் யாரையோ குடித்திருக்கிறாள். ஏழைக் கிழவியின் உடம்பில் சதை இருப்பதே அவள் செய்த குற்றத்துக்குச் சாட்சியானது.

அதே அறிக்கையின் முடிவுப் பகுதியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. வாம்பயர் என்று முடிவு செய்யப்பட்டவர்களின் தலைகளை உள்ளூர் ஜிப்சிகளைக் கொண்டு வெட்டி, உடல்களோடு சேர்த்து எரித்து, சாம்பலை மொராவா ஆற்றில் கரைத்தார்கள் என்கிறது அது. அவ்வளவுதான். அந்த ரோமா மக்களின் பெயர் இல்லை, கூலி இல்லை, அவர்கள் பயந்தார்களா என்ற குறிப்பும் இல்லை. வாம்பயரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய அறிஞர்கள் பலரும் இந்த வாக்கியத்தைப் போகிறபோக்கில் கடந்துவிடுகிறார்கள். நம்மால் கடக்க முடியவில்லை. பிணத்தைக் கண்டு ஊரே நடுங்கும்போது அதைத் தொட்டு வெட்டி எரிக்கும் வேலை யாருக்குப் போகிறது என்பது வெட்டியான் வேலையைத் தலைமுறையாகச் சுமந்தவர்களின் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ரோமா மக்களின் மொழி இந்திய வேர் கொண்டது என்பதை மொழியியலாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். பக்கத்து நாடுகளான வலாக்கியாவிலும் மால்டாவியாவிலும் அவர்கள் 1855–56 வரை சட்டப்படி அடிமைகள்.

ஆக, தொடக்கத்தில் வாம்பயர் ஒரு குடியானவன், ஒரு தாய், ஒரு கிழவி. கோட்டையும் கிடையாது, கறுப்பு அங்கியும் கிடையாது. அது குடித்ததாகச் சொல்லப்பட்டதும் சொந்தக்காரர்களையும் அண்டை வீட்டாரையும்தான்.

காகிதத்தில் ஏறிய வேகத்திலேயே அதன் சாதி மாறத் தொடங்கியது. 1732 மார்ச்சில் செய்தி லண்டன் பத்திரிகைகளுக்கு வந்து சேர்ந்தது. மே மாதத்திலேயே 'கிராஃப்ட்ஸ்மன்' என்ற எதிர்க்கட்சிப் பத்திரிகை, இது பிணத்தைப் பற்றிய சேதி அல்ல, வரியால் மக்களைப் பிழியும் அமைச்சர்களைப் பற்றிய மறைபொருள் என்று எழுதிவிட்டது. வால்டேர் பின்னாளில், ரத்தம் உறிஞ்சுகிறவர்கள் கல்லறையில் இல்லை, அரண்மனை போன்ற இடங்களில் சௌகரியமாகச் சாப்பிடுகிறார்கள் என்ற பொருளில் துறவிகளையும் வணிகர்களையும் கேலி செய்தார். பேரரசி மரியா தெரேசா 1755இல் தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் ஆலோசனைப்படி பிணம் தோண்டுவதற்கும் எரிப்பதற்கும் தடை போட்டார். மூட நம்பிக்கை ஒழிந்தது என்று பாடநூல்கள் எழுதும். அது முழு உண்மை இல்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 1892இல், காசநோயில் இறந்த மெர்சி பிரவுன் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் உடலைத் தோண்டி, இதயத்தை எரித்து, சாம்பலை அதே நோயில் கிடந்த அண்ணனுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். அவனும் பிழைக்கவில்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்துப் பத்தாண்டு ஆகியிருந்தது.

ஒரு சின்ன விஷயம். தென் அமெரிக்காவில் ரத்தம் குடிக்கும் வௌவாலுக்கு வாம்பயர் என்று பெயர் வந்தது பேயிடமிருந்து. பிறகு அந்த வௌவாலிடமிருந்துதான் பேய் தன் இறக்கையைப் பெற்றுக்கொண்டது. வைத்த பெயர் வைத்தவனிடமே உருவம் மாறித் திரும்பி வரும் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

இலக்கியத்தில் வாம்பயரைப் பிரபுவாக்கியவர் ஜான் பொலிடோரி. கவிஞர் பைரனுக்குச் சம்பளத்துக்கு வேலை பார்த்த இளம் மருத்துவர். 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் எஜமானோடு தங்கியிருந்தபோது பிறந்த கரு அது. ரத்வென் பிரபு என்ற அவருடைய வாம்பயர் விருந்துகளுக்குப் போகிறவன், அழகன், தொட்ட இடமெல்லாம் நாசம் செய்கிறவன். எஜமானையே மாதிரியாக வைத்து எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1819இல் அந்தக் கதை அச்சானபோது பத்திரிகை அதை பைரனின் பெயரில் வெளியிட்டது. ரத்தம் உறிஞ்சும் பிரபுவைப் பற்றி வேலைக்காரர் எழுதினார், அவர் உழைப்பின் பெயர் பிரபுவுக்குப் போய்ச் சேர்ந்தது. பொலிடோரி 25 வயதில் இறந்துபோனார்.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியை இங்கே பலர் படித்திருப்பீர்கள். செத்த உழைப்பான மூலதனம், உயிருள்ள உழைப்பை உறிஞ்சித்தான் வாழ்கிறது என்று வாம்பயரை வைத்து மார்க்ஸ் விளக்கும் இடம் நம் மேடைகளில் அதிகம் சொல்லப்படுகிறது. அதே நூலில் வேலைநாள் பற்றிய இயலில் வலாக்கிய நிலப்பிரபுக்கள் குடியானவர்களிடம் வாங்கிய கட்டாய உழைப்பை அவர் கணக்குப் போட்டுக் காட்டுவதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 'போயார்' என்று அந்த ஊரில் அழைக்கப்பட்ட அதே நிலப்பிரபு வகையறாவை, சரியாக முப்பது ஆண்டு கழித்து, 1897இல், பிராம் ஸ்டோக்கர் தன் 'டிராகுலா' நாவலில் பல்லோடு நிறுத்தினார்.

டிராகுலாவை நாம் வாசிக்கும்போது பயம் வருவதைவிடப் பரிச்சயம்தான் அதிகம் வருகிறது. அந்த ஆள் வாய் திறந்தால் குலப்பெருமை. எங்கள் ரத்தத்தில் எந்தெந்த வீரர்களின் ரத்தம் ஓடுகிறது தெரியுமா என்று விருந்தாளியை உட்கார வைத்து விடிய விடியப் பேசுகிறான். இங்கே என்னை எல்லோருக்கும் தெரியும், நான் எஜமான், வெளியூரில் நான் யாரோ ஒருவன் என்று வருந்துகிறான். சொந்த மண் இல்லாமல் தூங்க முடியாது என்பதால் ஐம்பது பெட்டிகளில் மண்ணை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குக் கப்பல் ஏறுகிறான். பெட்டி சுமக்கிறவர்கள் யார்? ரோமா மக்கள். மெட்வெஜாவில் தலை வெட்டியவர்கள் இங்கே மண் சுமக்கிறார்கள். இங்கும் பெயர் இல்லை.

அந்த நாவலில் தீட்டும் இருக்கிறது. டிராகுலா தன் ரத்தத்தைக் குடிக்க வைத்த பிறகு மீனா என்ற பெண் தன்னை அசுத்தமானவள் என்று சொல்லி அலறுகிறாள். அவள் நெற்றியில் சூட்டுத் தழும்பு விழுகிறது. லூசி என்ற இன்னொரு பெண்ணுக்கு நான்கு ஆண்களின் ரத்தத்தை ஏற்றுகிறார்கள். என் ரத்தம் அவளுக்குள் போனதால் அவள் எனக்கு மனைவியே ஆகிவிட்டாள் என்று காதலன் சொல்லும்போது, மற்ற மூவரும் தாங்கள் கொடுத்ததை வெளியே சொல்லாமல் மறைக்கிறார்கள். ரத்தத்தில் பிரிவுகள் உண்டு என்பதை லேண்ட்ஸ்டெய்னர் வெளியிட்டது 1901இல்தான். ஆகவே லூசியைக் கொன்றது பிரபுவா டாக்டரா என்று வேடிக்கையாகக் கேட்பவர்கள் உண்டு. நமக்குப் படுவது வேறு. ரத்தக் கலப்பு பற்றிய அச்சம், பிரபுவின் வாயிலும் அவனை வேட்டையாடுகிற கனவான்களின் மனத்திலும் ஒன்றாகவே இருக்கிறது.

அறிவியல் வந்ததால் அந்த அச்சம் போய்விடவும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பின மக்களின் ரத்தத்தை வாங்கவே மறுத்தது. பிறகு வாங்கி, தனியாக அடையாளமிட்டு வைத்தது. 1950 வரை அது நீடித்தது. ரத்த வங்கி முறையை உருவாக்குவதில் முன்னின்ற சார்லஸ் ட்ரூ ஒரு கறுப்பின மருத்துவர்.

பிரபுவாக மேலேறிய பிம்பம் மறுபடி கீழே தள்ளப்பட்டதும் உண்டு. யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளின் ரத்தத்தை எடுக்கிறார்கள் என்ற பழி ஐரோப்பாவில் இடைக்காலத்திலிருந்தே இருந்தது, அதற்காக ஊர் ஊராகக் கொன்றிருக்கிறார்கள். 1922இல் முர்னாவ் இயக்கிய 'நோஸ்ஃபெராட்டு' படத்தில் வளைந்த மூக்கும் எலிப் பல்லுமாக, கப்பல் நிறைய எலியோடும் கொள்ளைநோயோடும் ஜெர்மன் நகரத்துக்கு வந்து இறங்குகிறான் ஆர்லாக் பிரபு. யூத வெறுப்புச் சித்திரங்களின் சாயல் இதில் இருப்பதைப் பல ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். திரைக்கதை எழுதிய ஹென்ரிக் காலீன் ஒரு யூதர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். செய்தவரின் நோக்கம் எதுவானாலும், வெறுப்பு தனக்கு வேண்டிய படத்தைத் தானே பொறுக்கிக்கொள்ளும். 1940இல் நாஜிகள் எடுத்த பிரச்சாரப் படத்தில் யூதர்களும் எலிகளும் அடுத்தடுத்த காட்சிகளில் வந்தார்கள்.

இதற்கு எதிர்த் திசையில், எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. பெரு, பொலிவியா மலைநாடுகளின் பூர்வகுடிகள் 'பிஷ்டாக்கோ' என்ற ஒருவனைப் பற்றிப் பேசுகிறார்கள். அவன் பெரும்பாலும் வெள்ளைக்காரன். ரத்தம் அல்ல, உடம்பின் கொழுப்பை எடுக்கிறான். அந்தக் கொழுப்பு ஒரு காலத்தில் தேவாலய மணிக்குப் போனது, பிறகு இயந்திரத்துக்கு எண்ணெயாகப் போனது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் 'வஸிமமோட்டோ' என்ற பயம் பரவியது. சுவாஹிலியில் அதற்குத் தீயணைப்பவர்கள் என்று பொருள். அரசுச் சீருடை போட்ட ஆட்கள் இரவில் ஆப்பிரிக்கர்களைப் பிடித்துப்போய் ரத்தம் எடுக்கிறார்கள் என்று நைரோபி, கம்பாலா நகரங்களின் உழைக்கும் மக்கள் நம்பினார்கள். காலனிய அதிகாரிகள் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதி மூடிவிட்டார்கள். வரலாற்றாசிரியர் லூயிஸ் வைட் 2000இல் வெளியிட்ட நூலில் இந்த வதந்திகளை ஆதாரமாகவே எடுத்துக்கொண்டார். வேலை, சீருடை, ஊசி, வாகனம் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு மக்கள்மேல் இறங்கும்போது, தங்களிடமிருந்து எதுவோ எடுக்கப்படுகிறது என்பதை அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். அதைச் சொல்லக் கிடைத்த மொழி இதுதான். ஆய்வு மாணவர்கள் இந்த நூலை அவசியம் வாசிக்க வேண்டும். நம் ஊர் வதந்திகளைச் சேகரிக்கிற ஆட்கள் நம்மிடம் குறைவு.

கறுப்பின அமெரிக்கர்கள் வாம்பயரைக் கையில் எடுத்ததுதான் இந்த வரலாற்றில் நமக்கு மிக நெருக்கமான பகுதி. 1972இல் வில்லியம் கிரெய்ன் என்ற கறுப்பின இயக்குநர் எடுத்த 'பிளாகுலா' மலிவான பயமுறுத்தும் படம் என்றுதான் விளம்பரமானது. கதை என்ன? 1780இல் மமுவால்டே என்ற ஆப்பிரிக்க இளவரசர், அடிமை வணிகத்தை நிறுத்த உதவி கேட்டு டிராகுலாவின் கோட்டைக்குப் போகிறார். டிராகுலா அவரையும் அவர் மனைவியையும் இழிவுபடுத்துகிறான். பிறகு கடிக்கிறான். கடித்ததோடு விடவில்லை, தன் பெயரையே திரித்து 'பிளாகுலா' என்று அவருக்குச் சூட்டிப் பெட்டியில் அடைக்கிறான். அடிமைகளுக்கு எஜமானின் பெயரை ஒட்டிய வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது பேய்ப்படக் காட்சி அல்ல. அரசாங்கப் பதிவேட்டில் அப்பன் பெயர் சிதைந்து கிடப்பதைப் பார்த்த நமக்கும் அல்ல. படத்தின் முடிவில் மமுவால்டே தானே படியேறி வெயிலுக்குள் போய்விடுகிறார்.

ஆக்டேவியா பட்லரின் கடைசி நாவலான 'ஃபிளெட்ஜ்லிங்' 2005இல் வந்தது. அதன் நாயகி ஷோரி கறுப்புத் தோல் கொண்ட வாம்பயர் பெண். கறுப்பின மனித மரபணு கலந்ததால் அவளால் மட்டும் பகலில் விழித்திருக்க முடிகிறது, வெயிலைத் தாங்க முடிகிறது. அது அவள் இனத்துக்கே கிடைத்த வரம். ஆனாலும் இனத் தூய்மை கெட்டது என்று சொல்லி அவள் குடும்பத்தையே கொன்றுவிடுகிறார்கள் மற்ற வாம்பயர்கள். பிறகு நடக்கும் விசாரணையில் பாதிக்கப்பட்ட அவள்தான் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நீதிமன்றப் படிகளில் காத்துக்கிடந்த தோழர்கள் அந்த அத்தியாயங்களைப் படித்தால் நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடியும். 2025இல் வந்த ரயன் கூக்லரின் 'சின்னர்ஸ்' திரைப்படம் 1932ஆம் ஆண்டு மிசிசிப்பியில் நடக்கிறது. அதில் வரும் வாம்பயர் எங்களோடு சேர்ந்துவிடு, இங்கே நிற பேதம் இல்லை என்று அழைக்கிறான். அவனுக்கு வேண்டியது ரத்தம் மட்டும் அல்ல, கறுப்பின இளைஞனின் பாட்டு. பாட்டை வைத்துக்கொண்டு பாடியவனை விழுங்கும் அந்த அழைப்பு நமக்கும் வந்திருக்கிறது. பறையைக் குளிரூட்டிய அரங்கத்துக்குக் கொண்டுபோன ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுபோன ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் தன் நூலுக்கு 'விக்கிரமனும் வாம்பயரும்' என்று பெயர் வைத்தார். வேதாளம் ரத்தம் குடிக்கிறது இல்லை. சுடுகாட்டில் பிணத்துக்குள் புகுந்துகொண்டு கதை சொல்லிப் புதிர் போடுகிறது. என்ன புதிர் என்று பார்த்தால் அங்கும் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஒரு கதையில் அனங்கரதி என்ற இளவரசியை மணக்க நான்கு பேர் வருகிறார்கள். அதில் ஒருவன் தினமும் ஐந்து ஜோடித் துணி நெய்கிற சூத்திரன். யாருக்குக் கொடுக்கலாம் என்கிறது வேதாளம். க்ஷத்திரியப் பெண்ணை நெசவாளிக்கு எப்படிக் கொடுப்பது என்று சொல்லி, க்ஷத்திரியனைக் கைகாட்டுகிறான் அரசன். பிணமே எழுந்து கேட்டாலும் பதில் வர்ணத்தில்தான் வந்து நிற்கிறது. அம்புலிமாமாவில் விக்கிரமன் மரத்தில் ஏறி இறங்குவதை ஆவலோடு பார்த்த நாம், அந்தச் சுடுகாட்டில் விறகு அடுக்கியவனை ஒரு படத்திலும் தேடியதில்லை.

பிறகு டிராகுலா தமிழுக்கு வந்தான். மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. பண்ணையார் என்று வைத்திருக்கலாம், ஜமீன் பேய் என்று வைத்திருக்கலாம், பொருத்தமாக இருந்திருக்கும். கிடைத்தது காட்டேரி. கோட்டை, குலப்பெருமை, ஐம்பது பெட்டி மண்ணோடு வந்தவனுக்கு, கூரைகூட இல்லாத ஒரு பெண் தெய்வத்தின் பெயர். இன்று இணையத்தில் காட்டேரி என்று தேடினால் கோரைப் பல்தான் முதலில் வருகிறது. கடல் தாண்டி ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் தங்களோடு கூட்டிப்போன தெய்வங்களில் காட்டேரியும் ஒன்று. கயானாவின் தமிழ் மரபுக் கோயில்களில் இன்றும் அவளுக்குப் படையல் உண்டு.

காட்டேரியைப் பயமில்லாத தெய்வம் என்று நாம் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளையைக் கலைத்துவிடுவாள் என்ற பயம் அவளைச் சுற்றி உண்டு. அந்தப் பயத்தால்தான் வட மாவட்டங்களில் பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்காக அவளுக்குப் படையல் போடுகிறார்கள். படையல் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவர்களோடு சண்டை போடுகிற முதல் ஆள் நாமாகத்தான் இருப்போம். ஆனால் மெட்வெஜாவில் பிரசவத்தில் செத்த ஸ்டானாவின் தலையை வெட்டினார்கள். இங்கே பிரசவத்தில் செத்தவர்களின் பயத்துக்குச் சோறு போட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் களப்பணிக்குப் போன ஓர் ஊரில், பேரனின் மனைவிக்காகக் காட்டேரிக்குப் படையல் வைத்துக்கொண்டிருந்த ஆயா ஒருவரிடம் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆயா, காட்டேரி ரத்தம் குடிக்கும் என்கிறார்களே, உண்மைதானா என்று கேட்டோம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாம வெக்கிற கருவாட்டுக் கொழம்பையே அவ முழுசாத் துன்றதில்ல. எல்லாம் நமக்குத்தான். அந்த நோட்ட மூடி வெச்சிட்டு உக்காரு, எல போடறன்" என்றார்.